வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாதென்று

என்னைவிடப் பெரிய முட்டாளை அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் தேடினாலும் கிடைக்க மாட்டான். கண்ணாடியில் தெரியும் லட்டை எடுத்துச் சாப்பிடலாம் என்று நம்புகிற ரகம் நான். என் மனைவியின் கம்ப்யூட்டரில் அதைத்தான் செய்தேன்.

ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்து பாரிவாக்கத்துக்குக் குடிபோகிற சமயம். அவளுக்குப் புது லேப்டாப் வாங்கியாயிற்று. பழைய டெஸ்க்டாப்பை, என்னோடு ஃபாக்டரியில் வேலை செய்யும் நண்பனின் மகளுக்குக் கொடுப்பதாக முடிவு. அதற்குள் இருந்தவை அவள் வரைந்த ஆரி எம்ப்ராய்டரி டிசைன்கள். கல்யாண ரவிக்கைகளின் கைக்கும் கழுத்துக்கும், சோறு வடித்த கையோடு வந்து உட்கார்ந்து, மவுஸை இழுத்து இழுத்து வரைந்த மயில்கள், மாங்காய்கள், கொடிகள். அவற்றைக் காட்டித்தான் ஆர்டர் பிடிப்பாள். வேறெங்கும் நகல் கிடையாது. ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குத் தவறாமல் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தேனே தவிர, ஒருமுறைகூட பேக்கப் எடுத்ததில்லை.

நண்பன் போனில் வழி சொன்னான். "மாமே, ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு லேன் கேபிள் சொருவு. டெஸ்க்டாப்புல ஃபோல்டர ஷேர் பண்ணு. லேப்டாப்புல வந்து நிக்கும்."

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னான். 'வந்து நிக்கும்' வரை கேட்டுவிட்டு நான் போனை வைத்துவிட்டேன்.

கேபிள் நுழையவில்லை. என் பக்தியெல்லாம் சந்தனமாக அந்த ஓட்டையில் காய்ந்து கிடந்தது. ஊக்கை வைத்துச் சுரண்டினேன்.

"இன்னாங்க, அதுக்குக் காது குடையறீங்களா?" என்றாள் மனைவி.

ஒரு வழியாக ஃபோல்டர் லேப்டாப்பில் வந்து நின்றது. அவள் ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்தாள். "ஐய, மொத மயிலப் பாருங்களேன், கோழி மாரி கீது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "எல்லாம் வந்துடுச்சில்ல?"

"நான் கீறேன்ல, இன்னா பயம்?"

நம்பினாள். எழுந்து சமையலுக்குப் போய்விட்டாள்.

நான் டெஸ்க்டாப்பை சுத்தமாக ஃபார்மட் செய்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பும்போது ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு பெண்பிள்ளைக்கு வெறும் டப்பாவையா கொடுப்பது? என்னிடமிருந்த சினிமாக்களை எல்லாம் அதில் விளிம்பு தட்டும்வரை நிரப்பினேன். நண்பன் வந்து பைக்கில் கட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலம், நசரத்பேட்டைக் கல்யாணப் பெண் ஒருத்திக்கு டிசைன் காட்ட அவள் லேப்டாப்பைத் திறந்தாள். ஃபோல்டரைத் தட்டினாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது லேப்டாப்.

நண்பனைக் கூப்பிட்டேன்.

"காப்பி பண்ணியா?" என்றான்.

"அதான் வந்து நின்னுச்சே!"

"அடப்பாவி மாமே! இங்க இருந்தது அங்க தெரிஞ்சிது, அவ்ளோதான். அத்த எடுத்து லேப்டாப்புல போட்டுக்கினியா இல்லியா?"

டெஸ்க்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வெறும்ன ஃபார்மட்டோட உட்டிருந்தா எடுத்துக்கினு இருக்கலாம் சார். அது மேல இன்னாத்துக்கு இத்தினி படத்த ரொப்பி வச்சீங்க?"

சர்க்கரைக் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? மீண்டது கொஞ்சம். அதிலும் ஒரு மயிலுக்குக் கழுத்துவரைதான் இருந்தது. கீழே வெறும் சாம்பல் நிறக் கட்டம். அந்தக் கோழி மயில் வரவேயில்லை.

அவள் திட்டவில்லை. திட்டினால் சிரிக்க வைக்கலாமென்று இரண்டு மூன்று ஜோக் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை. நசரத்பேட்டைப் பெண்ணிடம் போனில், "இப்போ கைவசம் டிசைன் இல்லம்மா" என்று அவள் சொன்னது மட்டும் இன்னும் காதிலேயே இருக்கிறது.

பாரிவாக்கத்தில் முதல் ஆயுத பூஜை. அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, முதலிலிருந்து ஒரு கொடியை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கட்டுமா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நானே வச்சிக்கிறேன்."