கரண்டு வைக்காத மூன்று மாதம்

ஓசூருக்கு அப்பால், மைசூர் ராஜ்ய எல்லைச் சோதனைச் சாவடியில் என் கணவருக்கு வேலை. லாரியில் ஏறித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பவர் அவர். ஆனால் எங்கள் வீட்டில் சந்தேகப் பிராணி நான்தான்.

அறுபதுகளின் கடைசி அது. ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி தட்டுப்பட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று சொல்லி மார்பை எடுத்துவிட்டார்கள்.

"அடுத்து கரண்டு வைக்கணுமாம். வயித்துப் புள்ளைக்கு ஆகாது, பிரசவம் ஆகட்டும்னு டாக்டரு சொல்றாரு" என்றார் கணவர். கதிர் சிகிச்சையை அப்போது அப்படித்தான் சொல்வோம். டாக்டரும் அவரும் பேசியதெல்லாம் கன்னடம். சேலத்துப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு அதில் உப்பும் புளியும் வாங்கத்தான் தெரியும். இருவரும் குரலை உயர்த்தினார்கள், டாக்டர் மேஜையைத் தட்டினார். என்னவென்று கணவரைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

ஒன்றுமில்லாததற்கா மேஜையைத் தட்டுவார்கள்? கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அது பிழைத்தால் போதும், இவள் போனால் இன்னொருத்தி என்று முடிவு செய்துவிட்டார். அப்படித்தான் நம்பினேன். அதன்பின் அவர் ஆரஞ்சு வாங்கி வந்தாலும் பிள்ளைக்குத்தான் என்று தோன்றியது. மாமியார் களிக்குக் கூடுதலாக நெய் விட்டால் பயிருக்கு உரம் போடுகிறார் என்று நினைத்தேன். உள்ளே உதைத்த குழந்தையையும் அவர்கள் கட்சியில் சேர்த்தேன். இப்போது எழுதவே கூசுகிறது.

எட்டாம் மாதமே வலி வரவைத்து எடுத்தார்கள். பெண். முழம் நீளம்கூட இல்லை, அழுகை மட்டும் லாரி ஹாரன். மார்பை எடுத்தபோது எனக்குக் கொடுத்த மயக்க மருந்து அவளை ஏதும் செய்திருக்குமோ என்று நகம் பார்த்தேன், காதருகே கை தட்டினேன். குறை தெரியவில்லை.

ஆனால் அவர் குழந்தையைத் தொடவேயில்லை. பத்து நாளும் கதவருகே நின்று என்னிடம் மட்டும், "சாப்டியா? கரண்டு எப்ப வைக்கறாங்களாம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் கணக்கு உதைத்தது.

பதினோராம் நாள் மத்தியானம், நான் தூங்குவதாக நினைத்துக் குழந்தையின் துணியை விலக்கி விரல் விரலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, லோடுல ஏதாச்சும் குறையுதா?" என்றேன்.

கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டார். "அன்னிக்கே கரண்டு வைங்க, புள்ள போனாலும் போவட்டும், இவ இருந்தா போதும்னு சண்ட போட்டேன். டாக்டருதான் ஒத்துக்கல. ரெண்டு பேரையும் காப்பாத்தலாம், பொறுன்னாரு. இது மூஞ்சில நான் எப்படி முழிப்பேன், சொல்லு."

மூன்று மாதமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. கேட்டதும் மனம் குளிர்ந்தது உண்மைதான். ஆனால் அதே நேரம் என் கை நீண்டு, குழந்தையை அவரிடமிருந்து இழுத்து என் பக்கம் போட்டுக்கொண்டது.