மூழ்கிய கப்பலிலிருந்து ஒரு மாப்பிள்ளை

இரண்டு வருடத்துக்கு முன், ஆவணி மாதம். பெருந்துறையிலிருந்து சென்னிமலைக்கு நானும் என் கணவரும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். பார்க்க என்று பேர்தான். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிக்கத்தான் போனேன். பையனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. முந்தைய வருடம் அந்தக் கப்பல் புயலில் மூழ்கி, நான்கு நாள் ரப்பர் படகில் மிதந்து பிழைத்தவன். என் மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "ஏனுங்க தம்பி, செத்துப் பொழச்சுப்போட்டு மறுபடியும் கப்பலுக்கே போறீங்களே, எம் பொண்ணு நெலமைய ரோசன பண்ணுனீங்களா?"

என் கணவர் என் காலை மிதித்தார். பையன் கோபப்படவில்லை. நடந்ததைச் சொன்னான்.

படகில் மூன்று பேர். இருந்த கொஞ்சம் குடிநீரை மூடியில் அளந்து குடித்திருக்கிறார்கள். வெயிலுக்குச் சட்டையைக் கடல் நீரில் நனைத்துப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார்களாம். மூன்றாம் நாள், கப்பல் சமையல்காரர் தாகம் தாங்காமல் கடல் நீரை அள்ளிக் குடித்துவிட்டார். அது தாகத்தைக் கூட்டுமாம், புத்தியும் தடுமாறுமாம். கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் கடலுக்குள் இறங்கப் பார்த்திருக்கிறார். கப்பலிலிருந்து தப்பியவர்கள் பல பேர் இப்படித்தான் போய்ச் சேருவார்களாம். இவன் அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டான். தன் பங்குத் தண்ணீரையும் அவருக்கே ஊட்டினான். மறுநாள் மீன்பிடிப் படகு வந்து தூக்கும்வரை கயிற்றை அவிழ்க்கவில்லை.

"அவரு குதிச்சிருந்தா நீங்களும் போயிருப்பீங்களே?" என்றேன்.

"என்னையும் இழுத்துட்டுத்தானுங்க குதிக்கோணும். அத்தன தெம்பு அவருகிட்ட இல்லீங்க," என்று சிரித்தான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். சாப்பிட உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். அவன் அம்மா தயங்கித் தயங்கி, "சாப்புட்டுப் போலாமுங்களா?" என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எல போடுங்க," என்றேன்.

மாப்பிள்ளை இப்போதும் ஏதோ ஒரு கடலில்தான் இருக்கிறார். போன் வராத நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனாலும், கூட இருப்பவரை எந்த நிலையிலும் விடாத ஒருவரிடம்தான் மகளை ஒப்படைத்திருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம், வேண்டாம் என்று சொல்லப் போன என் அவசரப் புத்தியை எண்ணி வெட்கப்படுகிறேன்.