குளத்தங்கரை மண்டபத்துல மீன்குழம்புப் பந்தி

மழ பெஞ்ச களிமண்ணு வாசமும், மீன்குழம்பு கொதிக்கிற வாசமும் ஒண்ணா கலந்து வரும்... அந்தக் குளத்தங்கரையில வந்து எறங்குனதும் மொதல்ல மூக்குலதான் ஏறும்.

டிப்ளமோ முடிச்சு எனக்குக் கெடச்ச மொத வேலை அது. ரெட்டியார்சத்திரத்துல இருந்து உள்ள போகணும். பெரிய குளம், கரை மேல நாயக்கர் காலத்துக் கல் மண்டபம். அதைச் செப்பனிடுற கான்ட்ராக்டர்கிட்ட நான் சைட் சூப்பர்வைசர். என்கூட சவரிமுத்து மேஸ்திரி.

ஊருல சாப்பிட ரெண்டே எடம். எதிரெதிரா.

பள்ளத்துப் பக்கம் பாக்கியம் அக்கா கடை. மத்தியானம் மீன் சாப்பாடு. வெறகு அடுப்பு, மண்சட்டி. கட்லா, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தா அயிரை. மேட்டுப் பக்கம் மல்லிகா அக்கா கடை. காலையில இட்லி, பணியாரம், சாயங்காலம் சுக்கு மணக்குற பருத்திப்பால். மத்தியானம் சோறும் ரசமும் மட்டும். அந்த ரசத்தைக் குடிக்கிறதுக்குன்னே டவுன்ல இருந்து பைக்ல வருவாங்க.

ரெண்டு பேரும் ஓரகத்திங்க. அண்ணன் தம்பியக் கட்டுனவங்க. அண்ணனும் தம்பியும் ஒரே மோட்டார்ல தண்ணி பாய்ச்சுவாங்க, ஒரே பீடிக்கட்டு. ஆனா இந்த ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. சின்ன மருமக வச்ச ரசத்தை மாமனார் ஒருநாள் பந்தியில வச்சுப் பாராட்டிட்டாராம். அதுல இருந்து வந்தது.

எங்க பாடுதான் திண்டாட்டம். மல்லிகா அக்கா ரசத்துக்குப் பாக்கியம் அக்கா மீன் வறுவலை வெஞ்சனமா வச்சுத் தின்னா எப்படி இருக்கும்னு நானும் மேஸ்திரியும் பேசிப் பேசியே எச்சி ஊறுவோம். வாங்கிட்டுப் போயி கலக்குறதுக்கு எவனுக்கும் தைரியம் இல்ல...

அந்த ஐப்பசியில விடாம மழ. ரொம்ப வருசம் கழிச்சுக் குளம் நெறஞ்சு மறுகால் பாஞ்சுச்சு. ஊரே கரைக்கு வந்து வேடிக்கை பாத்துச்சு. அக்காக்க வீட்டுக்கார அண்ணனும் தம்பியும் ஒரே வலையப் பிடிச்சு, தண்ணியோட துள்ளி வந்த மீனை அள்ளுனாங்க.

அந்நேரம் பாத்து டவுன் பஸ்ஸு ஊருக்குள்ள வந்துருச்சு. வந்த கொஞ்ச நேரத்துல பின்னாடி பாலம் முங்கிப்போச்சு. முன்னாடி ரோட்டுல மறுகால் தண்ணி. பஸ்ஸு நடுவுல நிக்குது. சந்தைக்குப் போன சனம், காலேஜ் பிள்ளைக, கைப்பிள்ளையோட ரெண்டு பொம்பளைக. தண்ணி வடியாம வண்டிய எடுக்க மாட்டேன்னு டிரைவர் சொல்லிட்டார். நேரம் ஆக ஆக பிள்ளைக பசியில அழ ஆரம்பிச்சுருச்சுக.

பாக்கியம் அக்கா கடைக்குள்ள தண்ணி பூந்து அடுப்பே கரைஞ்சு போச்சு. ஆனா அண்டா நெறைய மீனு. மல்லிகா அக்கா கடையில அடுப்பு எரியுது, அரிசி இருக்கு. வெங்காயத்தத் தவிர ஒரு காய்கறி கெடையாது.

நான் ரோட்டு நடுவுல நிக்குறேன். பாக்கியம் அக்கா என்னயப் பாத்து, "தம்பி, அங்க அடுப்பு சும்மா இருக்கானு கேளு"ன்னுச்சு.

கேக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்தப் பக்கம் நல்லாவே கேட்டுருக்கும். இருந்தாலும் திரும்பி மல்லிகா அக்காவப் பாத்தேன்.

"சும்மாதான் இருக்கு. மீனைக் கழுவி எடுத்தாரச் சொல்லுங்க சார்."

நான் சொல்றதுக்குள்ள பாக்கியம் அக்கா அண்டாவ இடுப்புல வச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில வந்துக்கிட்டு இருந்துச்சு.

உள்ள போயும் பேச்சில்ல. இது மீனை அறுக்குது, அது சோத்தை வடிக்குது. நாங்க வெங்காயம் உரிக்கிற சாக்குல ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருக்கோம். பாக்கியம் அக்கா தேடுது... அந்தத் தட்டுல பாக்குது, இந்த டப்பாவத் தெறக்குது. கடைசியில தலையத் தூக்காமலே கேட்டுச்சு.

"ஏத்தா மல்லி... புளி எங்க வச்சிருக்க?"

மல்லிகா அக்கா கையில கரண்டி அப்படியே நின்னுபோச்சு.

"ஒங்களுக்குப் பின்னாடிதான்க்கா இருக்கு."

அம்புட்டுத்தான். மேஸ்திரி என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனாரு பாருங்க... ரெண்டு நாளு செவந்து கெடந்துச்சு.

பந்தி போட எடம்? எங்க மண்டபந்தான். அந்த வாரம்தான் கூரைத் தளக்கல்லு பூரா மாத்திப் போட்டிருந்தோம். சொட்டு ஒழுகல. தோப்புல இருந்து எலை வந்துச்சு. கண்டக்டர் தண்ணி ஊத்துனார். டிரைவர் காக்கி பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு அண்டா வெளக்குனார். யாரு என்ன ஊருன்னு ஒருத்தரும் கேக்கல. சோறு, மீன்குழம்பு, கடைசியா ரசத்துக்கு வறுத்த மீனு... நானும் மேஸ்திரியும் நாங்க நெனச்சதத் தின்னே புட்டோம். நெனச்சத விட நல்லாவே இருந்துச்சு.

மறுநாள் தண்ணி வடிஞ்சு பஸ்ஸு போயிருச்சு. புது அடுப்பு போட்டு அது காயிற வரைக்கும்னு சொல்லித்தான் பாக்கியம் அக்கா மேட்டுக் கடையில சமைச்சுச்சு. அடுப்பு காஞ்சு, வெயில் காலமும் வந்துருச்சு. பாக்கியம் அக்கா திரும்பிப் போகவே இல்ல. சண்டை மட்டும் தெனமும் போட்டாங்க... உப்பு கூடிப்போச்சு, காரம் பத்தலன்னு. ஆனா நேருக்கு நேரா.

இத்தன வருசம் கழிச்சு, போன மாசம் என் பிள்ளைகள அங்க கூட்டிட்டுப் போயிருந்தேன். குளத்தைச் சுத்தி வேலி, கார் நிறுத்த எடம், கண்ணாடி போட்ட ஒரு ரெஸ்டாரன்ட். சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்ல முடியாது. மல்லிகா அக்கா மகன் வீட்டோட திருப்பூர்ல இருக்காம். பாக்கியம் அக்கா சாயங்காலம் ஆனா போனைக் காதுல வச்சுக்கிட்டு அதுகூட ஒரு மணி நேரம் பேசுமாம். பக்கத்து வீட்டுக்காரங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

எங்க வீட்டுல இப்ப ஆளுக்கொரு ஹோட்டல்ல ஆர்டர் போடுறோம். நாலு பேருக்கு நாலு பார்சல். அன்னிக்கு மீனு வேகட்டும்னு மண்டபத்துல மழைக்கு ஒதுங்கிக்கிட்டு, ஊரு பேரு தெரியாத சனத்தோட சிரிச்சுப் பேசிக்கிட்டு உக்காந்திருந்தோம்.

இப்பல்லாம் பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பாடு வாசலுக்கு வந்துருது...