கட்டிலுக்கு அடியில் ஒரு படம்

ஜெனரேட்டர்காரருக்குப் பதினெட்டாயிரம் பாக்கி. புதுப் படத்துக்குச் செலவுத் திட்டம் போட உட்காரும்போதெல்லாம் தயாரிப்பாளர் முதல் வரியில் இதைத்தான் எழுதுவார். எழுதிவிட்டுப் பேனா மூடியை ஒரு தரம் கடித்து, கீழே கோடு கிழித்து, அப்புறம்தான் நடிகர் சம்பளத்துக்கு வருவார். அவர் சம்பளத்துக்குப் படம் தயாரித்துக் கொடுத்த ஸ்டுடியோவின் கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமும் அந்த வரியை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

படிப்பு ஏழாவதோடு சரி. ஆனால் ஒரு கதையைக் காதால் கேட்டால் போதும், எத்தனை நாள், எத்தனை வண்டி, எத்தனை சாப்பாடு என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவார். நாற்பது நாள் படப்பிடிப்பை முப்பத்திரண்டில் முடித்துக் காட்டியதால் ஸ்டுடியோவில் அவருக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். அதில் அவருக்குப் பெருமைதான். “பட்டம் வாங்கினவன் பத்துப் பேரு என் கையெழுத்துக்கு வாசல்ல நின்னான்” என்பார், கேட்காதவர்களிடமும்.

ஸ்டுடியோவுக்குப் போகுமுன் சொந்தக் காசில் ஒரே ஒரு படம் எடுத்தார். மின்சாரமே இல்லாத கல்குவாரியில் நடக்கிற கதை. பதினோராம் நாள் பணம் தீர்ந்தது. ஜெனரேட்டர்காரர் மூட்டை கட்டினார். “படம் ஓடி வர்ற முதல் காசு உங்களுக்குத்தான் அண்ணே” என்று இவர் வாக்குக் கொடுத்தார். மீதி ஒன்பது நாளும் அந்த வாக்கில்தான் விளக்கு எரிந்தது. படம் முடிந்தது, வாங்க ஆள் வரவில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

ஸ்டுடியோவில் முதல் சம்பளம் வாங்கிய அன்றே ஜெனரேட்டர்காரரின் ஷெட்டுக்குப் போனார். அங்கே எந்நேரமும் ஏதாவதொரு இயந்திரம் உறுமிக்கொண்டிருக்கும். யார் வந்தாலும் அவர் நிறுத்தமாட்டார், கத்தித்தான் பேச வேண்டும். நீட்டிய உறையை அவர் தொடவில்லை. “இது கம்பெனிக் காசு தம்பி. நான் வெளிச்சம் போட்டது உன் படத்துக்கு. அது சம்பாதிச்சுக் குடுக்கட்டும்” என்று கத்திவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டார். தயாரிப்பாளர் அப்புறமும் நாலு தடவை போனார். நாலு தடவையும் அதே உறுமல், அதே பதில். ஊருக்கெல்லாம் பெரிய தயாரிப்பாளர். அந்த ஷெட்டில் மட்டும் படம் ஓடாதவர்.

ஸ்டுடியோ முதலாளி ஒரு முறை அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார். முடிவை மாற்றி இரண்டு பாட்டுச் சேர்த்தால் வெளியிடலாம் என்றார். கத்திரிக்கோல் தன் படத்தில் மட்டும் கைவைக்கச் சம்மதிக்கவில்லை.

ஓய்வுபெற்ற மறுமாதம், வீடு பெருக்கிய மனைவியின் துடைப்பம் பெட்டியில் இடித்தது. “ஊரார் படத்தையெல்லாம் ஓட வெச்சீங்க. நம்ம படம் தூசியில தூங்குது” என்றார் அவர். தயாரிப்பாளருக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய ரீல் இயந்திரம் இன்னும் ஓடுகிற, எண்பது இருக்கை அரங்கு ஒன்றை ஞாயிறு காலைகளுக்கு வாடகைக்குப் பிடித்தார். சுவரொட்டியைத் தானே ஒட்டினார். வாசலில் மேசை போட்டுத் தானே டிக்கெட் கிழித்தார். முதல் வாரம் ஒன்பது பேர்; அதில் மூவர் உறவு. மைத்துனர் சும்மா நுழையப் பார்த்தபோது, “உள்ள உக்கார்ந்தப்புறம் மச்சான், இங்க டிக்கெட்டு” என்று காசை வாங்கிக்கொண்டார். ஐந்தாம் வாரம் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். பதினாலாம் வாரம், வாடகை போகச் சேர்ந்த மிச்சம் பதினெட்டாயிரத்தைத் தொட்டது.

அன்று மதியமே ஷெட்டுக்குப் போனார். இந்தத் தடவை உறை இல்லை. டிக்கெட் மேசையிலிருந்த துணிப்பை. வாசலிலேயே நின்று, “நம்ம படக் காசு அண்ணே” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஜெனரேட்டர்காரர் பையைப் பார்த்தார். குனிந்து இயந்திரத்தை நிறுத்தினார். எண்ணெய்க் கையைப் பழந்துணியில் துடைத்து, விரித்து நீட்டினார்.

“இப்ப சத்தமா எண்ணு தம்பி.”

தயாரிப்பாளர் கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி அந்த உள்ளங்கையில் வைத்து வாய்விட்டு எண்ணினார். பதினெட்டாயிரமும் எண்ணி முடியும்வரை அந்தக் கை மூடவில்லை.