சாகுலின் வெள்ளைப் புள்ளிகள்

சாகுல் பொய் சொல்கிறான். பழைய பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ கேட்டார்கள், “நீ ஏன்டா திடீர்னு வேலைய விட்டுட்டுப் போன?” அதற்கு அவன், “போர் அடிச்சிச்சு லா, அதான்” என்று எழுதினான். கூடவே ஒரு சிரிக்கிற முகம். எனக்கு ஆத்திரம் வந்தது.

நேற்று செங்காங்கில் என் வீட்டில் மகள் நகத்துக்கு நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். “என்னப்பா, அலர்ஜியா?” என்றாள். ஆமாம் என்றேன். நான் மட்டும் என்ன யோக்கியம்?

எங்கள் கார் பட்டறை ஜாலான் புசார் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மூன்று கார் நின்றால் நாம் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அந்தக் காலத்துக் காரின் முன்மூடியைத் தூக்கினால் பென்சில் பருமனில் கறுப்பு ரப்பர் குழாய்கள் இடியாப்பம் மாதிரிக் கிடக்கும். வேக்குவம் ஹோஸ் என்போம். எஞ்சின் உறிஞ்சும் இழுப்பை வைத்து, புகையைக் குறைக்கும் வால்வுகளைத் திறந்து மூடுவது அவற்றின் வேலை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் கழற்றும் முன்பே குழாயில் ஒரு புள்ளி, அது மாட்டியிருந்த முனையில் ஒரு புள்ளி. அடுத்ததற்கு இரண்டிரண்டு. அதற்குத்தான் நெயில் பாலிஷ். எண்ணெய் பட்டாலும் போகாது.

ஆளுக்கொரு நிறம். யார் செய்த வேலை என்று முதலாளிக்குத் தெரிய வேண்டுமே. எனக்குச் சிவப்பு, சாகுலுக்கு வெள்ளை. தேக்கா கடைத்தெருவில் வாங்கப் போனால் கடைக்கார அக்கா கேட்பார், “யாருக்கு தம்பி, பொண்டாட்டிக்கா?” சாகுல் கூசாமல் சொல்வான், “எஞ்சினுக்குக்கா. அதுவும் அப்படித்தான், சும்மா சும்மா கோவிச்சுக்கும்.”

ஒரு சனிக்கிழமை பழைய ஜப்பான் கார் ஒன்று வந்தது. புகை அதிகம் என்று வாகனச் சோதனையில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வெடித்துப்போன குழாய்களையெல்லாம் மாற்ற வேண்டும். எனக்கு மூன்று மணிப் படத்துக்கு டிக்கெட். புள்ளி வைக்காமலே எல்லாவற்றையும் உருவிப் போட்டேன். ஞாபகம் இருக்கும் என்ற திமிர். புதுக் குழாய்களை மாட்டிய பிறகுதான், புள்ளி இல்லாவிட்டால் முதலாளி கத்துவாரே என்று என் புட்டியைத் தேடினேன். மூடாமல் வைத்ததில் காய்ந்து கிடந்தது.

“சாகுலு, உன் வெள்ளைய குடுடா.”

“எடுத்துக்க. மூடி வை லா, சோம்பேறி.”

மாட்டிய இடத்திலேயே அழகாகப் புள்ளி வைத்தேன். எஞ்சினைக் கிளப்பினேன், ஓடியது. நானும் படத்துக்கு ஓடினேன்.

இரண்டு குழாய்களை இடம் மாற்றி மாட்டியிருந்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை அது தெரியாது. சூடேறிவிட்டால், கார் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் அணைந்துவிடும். திங்கட்கிழமை மறுபடி சோதனைக்குப் போன கார்க்காரர் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கார் அணைந்து, பின்னால் வந்த பஸ்காரனிடம் ஹார்ன் வாங்கி, கடைசியில் இழுவை வண்டியில் வந்து இறங்கினார். முதலாளி குனிந்து பார்த்தார்.

“வெள்ளை யாரோடது?”

“என்னோடதுதான் முதலாளி.”

“இந்த லட்சணத்துல உன்ன நம்பி கேலாங் கடைய குடுக்கறதா? நாளைலேர்ந்து வராத.”

கேலாங்கில் திறக்கவிருந்த இரண்டாவது பட்டறை சாகுல் பொறுப்பில் என்று பேச்சு. அதைச் சொல்லித்தான் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவன் வெள்ளைப் புட்டியை எடுத்து, மூடியை இறுக்கி, என் சாமான் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான்.

கேலாங் பட்டறை எனக்கு வந்தது. பன்னிரண்டு வருடம் நடத்தினேன். அந்த வெள்ளையையும் வெட்கமில்லாமல் தீரும்வரை உபயோகித்தேன். அந்தப் பெண் வீட்டார் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இப்போது சந்தில் பட்டறை இல்லை, சின்ன ஹோட்டல் இருக்கிறது. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அக்காவின் கடையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். புதுக் கார்களில் அந்தக் குழாய்க் கூட்டமும் இல்லை, புள்ளியும் இல்லை. எங்கே கோளாறு என்று கணினி சொல்லிவிடுகிறது. யார் செய்தது என்று அது சொல்வதில்லை.

சாகுல், இதை அப்படியே குழுவில் போடுகிறேன். எல்லாரும் படிப்பார்கள். என் பெயரைச் சொல்ல உனக்கு ஒரு வினாடி போதுமாயிருந்தது. ஏன் சொல்லவில்லை? என்மேல் இரக்கமா, இல்லை நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்த்தாயா? எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பாதே, போன் பண்ணாதே. அங்கேயே, எல்லாரும் பார்க்கப் பதில் எழுது. சிரிக்கிற முகம் போடாதே.