இறம்பொடை இறக்கத்தில் நனைந்த பிரேக்

நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பாதையின் அழகைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு அது பயத்தோடுதான் ஞாபகம் இருக்கிறது.

2004 மார்ச். கலாநிதிப் பட்டம் முடித்து, கொழும்பில் பஸ் பிரேக்குக்கு லைனிங் செய்யும் கம்பனி ஒன்றில் சேர்ந்து ஐந்து மாதம். சக்கரத்தின் இரும்பு உருளையை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பட்டைதான் லைனிங். அது சூடேறினால் எப்படிப் பிடி தளர்கிறது என்பதே என் ஆய்வு. நாலு வருடமும் ஆய்வுகூடத்துக்குள்ளேயே செய்தது. நான் யாழ்ப்பாணத்தவள். எங்கள் பக்கம் மேடு என்றால் மதகில் ஏறி இறங்குவதுதான். மலைப்பாதைப் பிரேக்கில் பட்டம் வாங்கியவள் மலைப்பாதையில் போனதே இல்லை என்பதை வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

புதிய லைனிங்கை ஒரு பஸ்ஸில் பூட்டி இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும். நான் கையெழுத்துப் போட்டால் முப்பது பஸ்களுக்கு அது போகும். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாகும்.

கொழும்புக் கோட்டையில் காலை 9.45 ரயில். நானுஓயாவில் இறங்கும்போது நாலு மணி தாண்டிவிட்டது. அங்கிருந்து நுவரெலியா எட்டு கிலோமீட்டர். அறை அப்போது எழுநூறு ரூபாய். இரண்டாவது போர்வையைக் கேட்டு வாங்குங்கள், தாங்களாகத் தரமாட்டார்கள்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். சாரதி செல்வராஜ், மஸ்கெலியாக்காரர், என் வயதுதான் இருக்கும். ஐம்பது பேர் பாரத்துக்குச் சீட்டெல்லாம் மணல் மூட்டை. என் மடியில் உருளைகளின் சூட்டைக் காட்டும் மீட்டர். லபுக்கலை தாண்டியதும் ஒவ்வொரு வளைவிலும் பள்ளம் ஜன்னலுக்கே வந்தது. நான் வெளியே பார்க்காமல் மீட்டரையே பார்த்தேன். 280 பாகை. ஆய்வேட்டில் எழுதியபடியே ஏறியது, பிரேக்கும் பிடித்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

இறம்பொடைக்கு முன்னால் ஒரு பீலியடியில் செல்வராஜ் பஸ்ஸை நிறுத்தினார். “பொகையிது மிஸ். தண்ணி ஊத்திட்டுப் போயிருவோம்.” மலையிலிருந்து குழாயில் கொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து நாலு சக்கரத்துக்கும் வீசினார். அங்கே எல்லா சாரதிகளும் செய்வதுதான். ஆவி எழும்பியது. மீட்டர் மளமளவென்று தொண்ணூறுக்கு இறங்கியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“போலாமா மிஸ்?”

“ஓம், வெளிக்கிடுவம்.”

இருநூறு மீட்டர் போயிருக்கமாட்டோம். வளைவுக்கு முன் அவர் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸின் வேகம் குறையவில்லை. மறுபடி மிதித்தார். “புடிக்கல மிஸ்! கம்பிய இறுக்கிப் புடிங்க!” கியரை இறக்கினார், இஞ்சின் அலறியது. மூட்டைகள் சரிந்து என் முதுகில் இடித்தன. மீட்டரில் தொண்ணூறு, சமர்த்தாக. செத்துப்போகப்போகிறேன் என்றே நினைத்தேன். செல்வராஜ் பஸ்ஸை மலைப்பக்க மண்மேட்டில் உரசவிட்டார். தகரம் கிழிந்து, ஒருவழியாக நின்றது.

இறங்கியதும் வடிகான் ஓரம் வாந்தி எடுத்தேன். செல்வராஜ் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். “பழைய பட்டைன்னா ரெண்டு மிதியில காஞ்சிரும். இது காயவே மாட்டேங்குதுங்க.” என் ஆய்வேட்டில், ஈரத்தின் பாதிப்பு கருத்தில் கொள்ளப்படவில்லை என்று ஒரு வரி உண்டு. எழுதிவிட்டு மறந்துபோன வரி.

இறம்பொடைக் கடையிலிருந்து மனேஜருக்கு டெலிபோன் எடுத்தேன். “தண்ணி ஊத்த வேணாம்னு ஸ்டிக்கர் அடிச்சி ஒட்டுவோம். நீங்க சைன் பண்ணிட்டு வாங்க” என்றார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அது எனக்கு நியாயமாகவே பட்டது.

வெளியே வந்து செல்வராஜிடம் கேட்டேன். “அண்ணை, ஊத்தவேண்டாமெண்டு எழுதி ஒட்டினா ஊத்தாம இருப்பியளோ?”

“பொகைஞ்சா ஊத்தத்தாங்க செய்வோம். பின்னால அம்பது பேரு இருக்காங்கல்ல?”

கையெழுத்துப் போடவில்லை. மனேஜர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் நிரந்தரமும் ஆறு மாதம் தள்ளிப்போனது. லைனிங்கை மாற்றிச் செய்தார்கள். எட்டு மாதம் கழித்து அதே பீலியடியில் நானே வாளி வாளியாக ஊற்றி, அதே செல்வராஜுடன் இறங்கினேன். இரண்டாவது மிதியில் பிடித்தது. அன்றுதான் கையெழுத்திட்டேன்.

நீங்கள் போவதானால் காலைப் பஸ்ஸில் போங்கள்; மதியத்துக்கு மேல் பனிமூட்டம். கண்டி வரை 77 கிலோமீட்டர், மூன்று மணித்தியாலம் ஆகும். தலைசுற்று உள்ளவர்கள் முன்சீட்டில் இருங்கள்.

போன வருடம் நானும் ஒரு பயணியாக அந்தப் பாதையில் போனேன், நான் கையெழுத்திட்ட லைனிங் பூட்டிய பஸ். பீலியடியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். கிளம்பியதும் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாரதியின் காலையே பார்த்தேன். ஒரு மிதி. இரண்டாவதில் பஸ் அடங்கியது.

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் சிரித்தாள். “பயப்படாதீங்க. மொத தடவையாங்க இந்தப் பக்கம்?”

ஓம் என்று சொல்லிவிட்டேன்.