சைக்கிளில் வந்தவரும் கிற்றாரோடு வந்தவரும்

யூரோக் காசு வந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் ஒரு மண்டபம் எடுத்து, வயதுக்கு வந்த எங்கள் மகளின் சாமத்தியச் சடங்கை வைத்தோம். கணவரின் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவருடைய செஃப்பின் கையில். முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த மனிதரையும் கணவர் அழைத்திருந்தார். நான் அவரைக் கண்டதில்லை.

"வெள்ளைத் தாடி, உயரமான ஆள். வடிவாக் கவனியுமப்பா" என்று சொல்லிவிட்டு, அலங்காரம் செய்யும் இடத்திலிருந்து மகளைக் கூட்டிவரக் கணவர் போனார். நான் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றேன். அழைப்பிதழில் பதினொரு மணி. எங்கள் சனம் ஒரு மணிக்கு முன் வராது. அதனால் மண்டபத்தில் நானும் ஆளில்லாத கதிரைகளும்தான்.

சரியாகப் பதினொன்றுக்கு ஒருவர் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தாடிதான். ஆனால் தலையில் சைக்கிள் தொப்பி, காற்சட்டைக் காலில் கிளிப். பக்கத்து மண்டபத்தில் இத்தாலியர்களின் பாட்டுக் கச்சேரி என்று காவலாளி சொல்லியிருந்தார். செஃப் என்றால் பெரிய காரில் அல்லவா வருவார்! "கச்சேரி அங்கே" என்று கை காட்டினேன். நன்றி சொல்லிப் போய்விட்டார்.

அரை மணி கழித்து இன்னொரு வெள்ளைத் தாடி. வெல்வெட் கோட்டு, விரலில் மோதிரம், கையில் ஒரு பெரிய பெட்டி. பெரிய மனிதர் பிந்தித்தானே வருவார்! பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, பெட்டியை வாங்கிப் பரிசு மேசையில் வைத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலில் சாப்பிடுங்கள் என்று வடையை நீட்டினேன்.

மிளகாய் கடிபட்டுக் கண் கலங்கினாலும் மனிதர் நல்ல கதைக்காரர். இத்தாலியின் தெற்கே ஏழைக் குடும்பமாம். இளவயதில் ஜெர்மனிக்கு வந்து தொழிற்சாலையில் வேலை. விடுதி அறையில் குறட்டைவிட்ட நண்பர்களைப் பற்றித் தானே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டாராம். ஊருக்குத் திரும்பியதும் அதைத் தேசமே பாடியதாம். பிறகு எழுதியவற்றை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது, தன்னோடு வந்து இங்கேயே வயதாகிப்போனவர்களுக்காக ஊர் ஊராகப் பாடுகிறாராம். அகதி விடுதியில் என் கணவர் படுத்த கட்டில் நினைவுக்கு வந்து எனக்கும் மனம் இளகியது. தொழிலாளியாக வந்து செஃப் ஆகியிருக்கிறார், கொஞ்சம் பாட்டுப் பைத்தியம் என்று எண்ணிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேலை நிரந்தரமாக வேண்டுமே!

பாயசம் வைக்கும்போது கணவர் மகளோடு வந்தார்.

"இதார்?"

"உங்கட செஃப்."

"எனக்கு இவரை ஆரெண்டே தெரியாதப்பா!"

"அப்ப, சைக்கிளில ஒருத்தர் வந்தவர். நான் அங்கால அனுப்பிப்போட்டன்."

"ஐயோ, அவர் மழையெண்டாலும் சைக்கிளிலதான் வாறவர்!"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து மண்டபத்தில் பாடகரைக் காணாமல் இத்தாலியர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில், தொப்பியை மடியில் வைத்தபடி செஃப் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அதுதான் எங்கள் விழா என்று நம்பி, எங்கள் மகள் மேடைக்கு வருவாள் என்று காத்திருந்தாராம்.

நான் அழுதபடி நடந்ததைச் சொல்ல, பின்னால் வந்த பாடகர் விழுந்து விழுந்து சிரித்தார். கச்சேரிக்காரர்கள்தான் பன்னீரும் வடையும் ஏற்பாடு செய்தார்கள் என்று அவர் நம்பியிருக்கிறார். தேசமே தன் பாட்டைப் பாடிய காலத்தில்கூட யாரும் இப்படி வரவேற்கவில்லையாம். அவரே செஃப்பின் கையைப் பிடித்து எங்கள் மண்டபத்துக்குக் கூட்டிவந்தார். பரிசு மேசையில் நான் வைத்த பெட்டியிலிருந்து கிற்றாரை எடுத்து, மகளுக்காக அந்தக் குறட்டைப் பாட்டைப் பாடினார். செஃப் காலால் தாளம் போட்டார். பாடகரைத் தேடிவந்த இத்தாலியர்களும் கூடவே பாடி, வடைகளையும் தீர்த்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை செஃப் கணவரிடம் ஒன்றுதான் கேட்டாராம்: "அடுத்த விசேஷத்துக்காவது உங்கள் மனைவி என்னை உள்ளே விடுவாரா?" கேட்டுக்கொண்டே நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் பன்னீர்ச் செம்பு என் கையில்தான். முன்பின் தெரியாத ஒருவரை உபசரித்ததில் எனக்கு வெட்கமே இல்லை. இன்னொருவரை வாசலோடு அனுப்பியதுதான் இன்னும் சுடுகிறது. அதனால் யார் என்று கேட்பதற்கு முன்பே தெளித்துவிடுகிறேன், சைக்கிள் தொப்பியோடு வருகிறவருக்கு மட்டும் இரண்டு தரம்.